குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்

உங்கள் கேள்வி இது: “துணிப்பை, மூங்கில் பிரஷ், ஸ்டீல் ஸ்ட்ரா எல்லாம் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ஆனாலும் தினமும் ஒரு கவர் நிறையக் குப்பை வெளியே போகிறது. வீட்டில் மற்றவர்கள் கண்டுகொள்வதே இல்லை. நான் எங்கே தவறு செய்கிறேன்? எங்கிருந்து தொடங்க வேண்டும்?”

நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. கடையிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள், அவ்வளவுதான். குப்பைக் கூடையிலிருந்து தொடங்கியிருந்தால் இந்த ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் குறைந்திருக்கும். உங்கள் வீட்டில் எது குப்பையாகிறது என்பது உங்கள் கூடைக்குத்தான் தெரியும். ஸ்ட்ராவே பயன்படுத்தாத வீட்டில் ஸ்டீல் ஸ்ட்ரா வாங்கினால், வீட்டுக்குள் வந்தது இன்னொரு பொருள் மட்டுமே.

அதனால் முதல் வேலை, ஒரு வாரக் கணக்கு. தினமும் கூடையைக் கட்டி வெளியே வைப்பதற்கு முன்னால், தரையில் பழைய செய்தித்தாளை விரித்து அதில் கவிழ்த்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஈரமானது ஒரு குவியல், பாக்கெட்டும் கவரும் ஒரு குவியல், பாட்டில் டப்பா ஒரு குவியல், காகிதம் அட்டை ஒரு குவியல், இவற்றில் எதிலும் சேராதது ஒரு குவியல். எண்ணிக்கையையும் எடையையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பத்து நிமிட வேலை. முதல் நாள் அருவருப்பாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் இப்படிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. எடையில் பாதிக்கு மேல் ஈரக் குப்பைதான்: காய்கறித் தோல், பழத்தோல், மிச்சமான சாப்பாடு, தேயிலைச் சக்கை. எண்ணிக்கையில் முதலிடம் சின்னச் சின்ன பாக்கெட்டுகளுக்கு. நான் பெரிதாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்த கேரி பேக்குகள் ஏழு நாளில் நாலைந்துதான். அப்புறம் யோசித்தபோது இன்னொன்றும் புரிந்தது. குப்பை போடுவதற்கென்றே தினமும் ஒரு புது கவரைக் கூடைக்குள் விரித்துக்கொண்டிருந்தோம். ஈரம் ஒழுகுகிறது என்பதற்காகத்தான் அந்தக் கவர். ஈரக் குப்பை தனியே போய்விட்டால் அந்தக் கவருக்கே வேலை இல்லை.

அதனால்தான் பிளாஸ்டிக்கைப் பற்றிக் கேட்கிறவர்களிடம்கூட நான் ஈரக் குப்பையைத்தான் முதலில் கவனிக்கச் சொல்கிறேன். ஈரமும் உலர்ந்ததும் கலந்துவிட்டால் இரண்டுமே கெட்டுவிடும். குழம்பில் ஊறிய அட்டையையும் சோறு ஒட்டிய கவரையும் எந்தப் பழைய சாமான் கடையும் எடுக்காது. கண்ணாடித் துண்டு கலந்த காய்கறிக் கழிவை யாரும் உரமாக்க மாட்டார்கள். கலந்த குப்பை கடைசியில் போய்ச் சேரும் இடம் குப்பைமேடு. அங்கே காற்றுப் புகாத ஆழத்தில் அழுகும் உணவுக் கழிவிலிருந்து மீத்தேன் வருகிறது. அது 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், அதே எடை கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு அதிகமாகப் புவியைச் சூடாக்கக்கூடியது. குப்பைமேடுகள் தாமாகவே தீப்பற்றி நாள்கணக்கில் எரிவதற்கும் இந்த வாயு ஒரு காரணம்.

சரி, ஈரக் குப்பையை என்ன செய்வது? வீட்டிலேயே உரமாக்கலாம். இரண்டு பழைய பக்கெட்டுகள் போதும். இதற்கென்று விலை கொடுத்து எதையும் வாங்க வேண்டாம். பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டைகள் போடுங்கள். அடியில் ஒரு தட்டு, உள்ளே நான்கு விரல் உயரத்துக்குக் காய்ந்த இலை அல்லது கிழித்த அட்டை. அதன்மேல் அன்றன்றைய கழிவு. ஒவ்வொரு முறை போட்டதும், போட்டதைப்போல இரண்டு மடங்கு காய்ந்த பொருளைப் போட்டு மூடுங்கள். பலரும் கோட்டை விடுவது இந்தக் கடைசி வரியில்தான். நானும் அப்படித்தான் விட்டேன். வெறும் காய்கறிக் கழிவாகவே போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டாவது வாரம் பக்கெட்டின் அடியில் கறுப்புத் தண்ணீர் தேங்கி, சாக்கடை நாற்றம் அடித்தது. உரம் தயாரிப்பதெல்லாம் நமக்குச் சரிப்படாது என்று அன்றே நிறுத்தியிருப்பேன். ஒரு மூட்டை சருகு கொண்டுவந்து கொட்டிக் கிளறிவிட்டதும் மூன்றே நாளில் நாற்றம் போய்விட்டது.

காரணம் எளிதானது. மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் தேவை. பச்சைக் கழிவில் நைட்ரஜன் அதிகம்; சருகு, அட்டை, மரத்தூள் ஆகியவற்றில் கார்பன் அதிகம். காய்ந்த பொருள் இருந்தால்தான் இடையிடையே காற்றும் நிற்கும். காற்று இருந்தால் மக்கும், இல்லாவிட்டால் அழுகும். ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு துளி கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். முதல் பக்கெட் நிறைந்ததும் ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதத்தில் முதல் பக்கெட்டில் இருப்பது மழை பெய்த மண்போல வாசனை வீசும். அதுதான் முடிந்ததற்கு அடையாளம். வெள்ளைப் புழுக்கள் வந்தால் பயப்பட வேண்டாம், அவையும் வேலையைத்தான் செய்கின்றன. எண்ணெய் மிகுந்த உணவு, இறைச்சி, எலும்பு மட்டும் வீட்டுப் பக்கெட்டில் வேண்டாம், எலி வரும்.

பக்கெட் வைக்க இடமே இல்லையென்றால், குறைந்தபட்சம் தனியே சேர்த்துத் தனியே கொடுங்கள். அதுவே பெரிய வேலை.

ஆனால் உரமாவதைவிட, குப்பையாகாமல் இருப்பதுதான் மேல். ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-இல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. கடைகளிலும் உணவகங்களிலும் வீணானவை மிச்சம்தான். உங்கள் ஈரக் குவியலில் தோலும் தண்டும் எவ்வளவு, சாப்பிட்டிருக்கக்கூடியது எவ்வளவு என்று தனியே பாருங்கள். இரண்டாவது அதிகமென்றால் பிரச்சினை சமைக்கும் அளவில் இருக்கிறது, அல்லது ஃப்ரிட்ஜின் பின்வரிசையில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜின் கண்ணெதிர் தட்டில் ஒரு பெட்டி வைத்து, முதலில் தீர்க்க வேண்டியதையெல்லாம் அதில் போடுகிறோம். சமைக்கப் போகிறவர் முதலில் திறப்பது அந்தப் பெட்டியை.

இனி பாக்கெட்டுகள். உங்கள் இரண்டாவது குவியலிலிருந்து ஒரு நொறுக்குத்தீனி பாக்கெட்டை எடுத்துக் கையில் கசக்கிவிட்டு விடுங்கள். மறுபடி விரிந்துகொண்டால் அது பிளாஸ்டிக். உட்புறம் வெள்ளிபோல மின்னுவது, பிளாஸ்டிக்கின்மேல் மிக மெல்லிதாகப் படியவைத்த அலுமினியம். இப்படி இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக்கையும் உலோகத்தையும் ஒட்டித்தான் பெரும்பாலான பாக்கெட்டுகளும் ஷாம்பு சாஷேக்களும் செய்யப்படுகின்றன. ஈரமும் காற்றும் உள்ளே போகாமல் தடுப்பதில் இதற்கு நிகரில்லை. அதே காரணத்தால் பிரித்தெடுத்து மறுசுழற்சி செய்வதும் மிகக் கடினம். ஒட்டியதைப் பிரிக்க ஆகும் செலவு, கிடைக்கும் பொருளின் மதிப்பைவிட அதிகம். அதனால் சாஷேவைக் கழுவிச் சேர்த்து வைப்பதைவிட வாங்காமலிருப்பதுதான் வழி. தினமும் தீர்கிற பொருளைப் பெரிய பொதியாக, அல்லது டப்பா கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். ஆனால் கெட்டுப்போகும் அளவுக்குப் பெரிய பொதி வேண்டாம். பாக்கெட்டை மிச்சப்படுத்தி உள்ளே இருந்ததை வீணாக்கினால் நஷ்டம்தான்.

இங்கே ஒரு சின்ன வேலை, இன்றைக்கே செய்யலாம். பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது முழுதாகத் துண்டித்துவிடாதீர்கள். ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி பாதி வெட்டி மடித்து விடுங்கள். அந்த விரல்நுனி அளவுத் துண்டு சின்னது என்பதால் யார் கையிலும் சிக்காது, எந்தச் சல்லடையிலும் நிற்காது. பெருக்கும்போது மண்ணோடு போய், வடிகாலில் விழுந்து, தண்ணீரில் சேரும். முழு கவர் ஒன்றையாவது யாராவது பொறுக்கி எடுப்பார்கள், அந்த மூலையை எடுக்க ஆளில்லை.

பாட்டில் டப்பாக் குவியலுக்கு வாய்ப்பு கொஞ்சம் நன்றாகவே இருக்கிறது. அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். பலர் அந்த முக்கோணத்தைப் பார்த்ததும் இது மறுசுழற்சி ஆகும் என்று நம்பிவிடுகிறார்கள். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறை கொண்டுவந்த அந்த எண், எந்த வகை பிளாஸ்டிக் என்று மட்டும்தான் சொல்கிறது. 1 என்றால் தண்ணீர், குளிர்பான பாட்டில்கள் செய்யும் பெட் (PET) வகை பிளாஸ்டிக். 2 என்றால் கெட்டியான ஷாம்பு பாட்டில், கேன் வகை. இந்த இரண்டையும் எடுக்க ஆள் கிடைப்பது எளிது. 5 சில இடங்களில் போகும். 3, 6, 7 பெரும்பாலும் எங்கும் போவதில்லை. உங்கள் பகுதியில் உலர் குப்பை எடுப்பவரிடம், “எதை எடுப்பீர்கள், எதை எறிந்துவிடுவீர்கள்” என்று ஒருமுறை நேரில் கேளுங்கள். அந்த ஐந்து நிமிடப் பேச்சில் கிடைக்கும் தகவல் வேறு எங்கும் கிடைக்காது. கொடுப்பதைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள். அதற்கென்று நல்ல தண்ணீர் வேண்டாம், பாத்திரம் கழுவிய கடைசித் தண்ணீரில் ஓர் அலசல் போதும்.

மறுசுழற்சியை நம்பி நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. ரோலண்ட் கேயர், ஜென்னா ஜாம்பெக், காரா லாவெண்டர் லா ஆகிய மூன்று ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 1950 முதல் 2015 வரை உலகம் தயாரித்த பிளாஸ்டிக் சுமார் 830 கோடி டன். அதில் குப்பையானது சுமார் 630 கோடி டன். அந்தக் குப்பையில் மறுசுழற்சி ஆனது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம். மீதி 79 சதவீதம் குப்பைமேட்டிலோ, நிலத்திலோ, நீரிலோ கிடக்கிறது. இந்த 9 சதவீதத்தைப் படித்ததிலிருந்து, ஒரு பொருளைக் கையில் எடுக்கும்போதே “இது முடிந்தபின் எங்கே போகும்” என்று கேட்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

சில நிமிடமே ஆயுள் உள்ள பொருள்களில் நான் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கிறேன். டம்ளர், ஸ்பூன், தண்ணீர் பாட்டில் போன்றவை. காகித டம்ளர்தானே என்று எடுக்காதீர்கள். அதன் உட்சுவரில் பாலித்தீன் பூச்சு இருக்கிறது, இல்லாவிட்டால் காகிதம் ஊறிவிடும். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டால், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024 தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில், ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரில் சராசரியாக 2.4 லட்சம் பிளாஸ்டிக் துகள்கள் இருந்தன. உடலுக்கு அவை என்ன செய்கின்றன என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். காத்திருக்காமல் செய்யக்கூடியது, சூடான எதையும் பிளாஸ்டிக்கில் ஊற்றாமல் இருப்பது. சூடு ஏற ஏறத் துகள்கள் அதிகம் உதிரும்.

இவற்றை மறுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. கையில் கொடுத்தபிறகு வேண்டாம் என்றால், அது பெரும்பாலும் அப்படியே குப்பைக்குத்தான் போகும். பொருளைக் கேட்கும்போதே, அதே மூச்சில், “கவர் வேண்டாம், பை இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். பார்சல் ஆர்டர் செய்யும்போதே ஸ்பூன் வேண்டாம் என்று குறித்துவிடுங்கள். பையை வீட்டில் மறந்துவிட்டு வருவதுதான் எல்லோருக்கும் நேர்வது. வாங்கியதை எடுத்து வைத்ததும், காலிப் பையைச் செருப்பு விடும் இடத்திலோ வண்டியிலோ திரும்ப வைத்துவிட்டால் மறப்பது குறையும்.

துணிப்பை என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பருத்தி விளைவிக்க நிறையத் தண்ணீரும் உரமும் செலவாகின்றன. இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வுப்படி, புவி வெப்பமாதலை மட்டும் வைத்துப் பார்த்தாலே, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஒரு பருத்திப் பை ஈடாக வேண்டுமென்றால் அதை 131 முறை பயன்படுத்த வேண்டும். எல்லா வகைச் சுற்றுச்சூழல் பாதிப்பையும் கணக்கில் சேர்த்த டென்மார்க்கின் 2018 ஆய்வில் இது ஏழாயிரத்தைத் தாண்டியது. இவை நிலத்திலும் கடலிலும் சேரும் குப்பையைக் கணக்கில் எடுக்காத ஆய்வுகள். அதனால் துணிப்பை தப்பு என்று அர்த்தமில்லை. இருக்கிற பை கிழியும்வரை, தைத்துத் தைத்துப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் அர்த்தம். விழாவுக்கு விழா இலவசமாகத் தரும் துணிப்பையை வாங்கி அடுக்கி வைப்பதில் பயன் இல்லை. இன்று நாம் எறியும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையை 1960-களில் வடிவமைத்தவர் ஸ்டென் குஸ்டாஃப் துலின் என்ற ஸ்வீடன்காரர். காகிதப் பைக்காக மரங்களை வெட்ட வேண்டாமே, ஒரே பையைப் பலமுறை பயன்படுத்தலாமே என்பதுதான் அவர் எண்ணம் என்றும், அவர் எப்போதும் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார் என்றும் அவர் மகன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பையைவிட, அதை எத்தனை முறை எடுத்துப் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதே காரணத்தால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிளாஸ்டிக் டப்பாக்களைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கண்ணாடி ஜாடி வாங்க வேண்டாம். உலர்ந்த பொருள்களுக்கு அவை இன்னும் பல வருடம் உழைக்கும். ‘மக்கும் பிளாஸ்டிக்’ என்ற எழுத்தைப் பார்த்தும் ஏமாறாதீர்கள். தாவர மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ (PLA) வகைப் பொருள்கள் மக்குவதற்குக் கிட்டத்தட்ட 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் வாரக்கணக்கில் நீடிக்க வேண்டும். அது தொழிற்கூடத்தில் கிடைக்கும், உங்கள் பக்கெட்டில் கிடைக்காது. சீக்கிரம் உதிர்ந்துபோகும்படி வேதிப்பொருள் சேர்த்த பைகளோ இன்னும் மோசம். அவை கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாக உடைகின்றன, அவ்வளவே. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் பிளாஸ்டிக் ஸ்ட்ரா, தட்டு, கரண்டி ஆகியவற்றோடு சேர்த்து இவற்றையும் தடை செய்துவிட்டது.

ஐந்தாவது குவியலைப் பற்றிச் சுருக்கமாக. நாப்கின், டயப்பரைக் காகிதத்தில் சுற்றித் தனியே அடையாளமிட்டுக் கொடுங்கள். முடிந்தவர்கள் துணி நாப்கினுக்கோ மாதவிடாய்க் கப்புக்கோ மாறலாம்; ஒரு கப் பல வருடம் வரும். பேட்டரியைக் குப்பையில் போடவே கூடாது, லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். உடைந்த கண்ணாடியைக் கெட்டியான காகிதத்தில் சுற்றி, மேலே எழுதி ஒட்டுங்கள். நம் குப்பையைப் பிரிப்பது ஒரு மனிதரின் கை. எதையும் எரிக்க வேண்டாம். குறைந்த வெப்பத்தில் எரியும் பிளாஸ்டிக்கிலிருந்து, குறிப்பாக பிவிசியிலிருந்து, டையாக்ஸின் போன்ற நஞ்சுகள் கிளம்புகின்றன.

கடைசியாக, வீட்டில் மற்றவர்கள். இதில்தான் பலரும் மனம் விட்டுப்போகிறார்கள். சொல்லிச் சொல்லி யாரும் மாறியதை நான் பார்த்ததில்லை. அயர்லாந்து 2002-இல் பிளாஸ்டிக் பைக்குச் சிறிய வரி போட்டதும் பயன்பாடு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அக்கறை வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. கடையில் பை வாங்குவது கொஞ்சம் சிரமமாகிவிட்டது, வாங்காமல் வருவது எளிதாகிவிட்டது, அவ்வளவுதான். வீட்டிலும் அப்படித்தான். ஈரக் குப்பை டப்பா பால்கனியில் இருந்தவரை எங்கள் வீட்டில் யாரும் அதில் போடவில்லை. காய் நறுக்கும் பலகைக்குப் பக்கத்திலேயே மூடி போட்ட ஒரு டப்பாவை வைத்தேன். பொதுக் கூடையை எட்டிப் போட வேண்டிய தூரத்துக்கு நகர்த்தினேன். அன்றிலிருந்து கேட்காமலேயே பிரிந்து விழுகிறது. குளியலறையில் காகித அட்டைக்கு ஒரு பை, பாக்கெட்டுகளுக்குச் சமையலறைக் கதவின் பின்னால் ஒரு கொக்கி. இப்படி உங்கள் வீட்டில் எது எங்கே பிறக்கிறதோ, அங்கேயே அதற்கு இடம் கொடுங்கள்.

முதல் வாரத்தில் எழுதிய அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஒரு வாரக் கணக்கை மறுபடி எடுங்கள். இந்த முறை கூடையைக் கவிழ்க்கும் வேலையை வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள்.